சரசுவுக்கு, பங்களாப் பூந்தோட்டத்திலிருந்து

என் அன்புள்ள சரசு,

நீ போய் இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது. இத்தனை நாள் எழுதாதவன் இப்போது எழுதுகிறேன் என்றால் ஏதோ சரியில்லை என்று உனக்குத் தெரிந்துவிடும். சரியில்லைதான். நாளை வெள்ளிக்கிழமை, மனேஜர் கொழும்பிலிருந்து விருந்தாளிகளோடு வருகிறார். காலையிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. நான் கண்ணை எடுத்தால் செடியெல்லாம் எழுந்து ஓடிவிடும் என்பது போலப் பூந்தோட்டத்துக்குப் போவதும் வருவதுமாக இருக்கிறேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பங்களா ரோசாச் செடி அத்தனையையும் பிடுங்கிவிட்டேன். புல்தரைக்கும் தண்ணீர் விடுவதில்லை, அது காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடக்கிறது. இருபத்திரண்டு வருடமாகப் பங்களாத் தோட்டக்காரனாக அந்த ரோசாவையே கட்டிக்கொண்டு அழுதவன் நான். கல்யாணப் படத்தில்கூட என் கை உன்னைவிட்டு ரோசாவைப் பிடித்திருக்கிறது என்று கேலி செய்வாயே, இப்போது என்ன சொல்வாய்?

ஏன் பிடுங்கினேன் என்று நீ கேட்கமாட்டாய். உனக்குத் தெரியும். ஆனால் நாளைக்கு வேறு யாராவது இதை எடுத்துப் படித்தால் அவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். மலையுச்சி ஊற்றிலிருந்து வருகிற தண்ணீர் முதலில் பங்களா டேங்கில் விழும். டேங்க் நிரம்பி வழிகிறதுதான் கீழே நம் லயத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் கொட்டுகிற பீலிக்குப் போகும். குடிக்க, குளிக்க, துவைக்க நம் லயத்துக்கு அந்தப் பீலி ஒன்றுதான். மழைக்காலத்தில் யாருக்கும் குறையில்லை. தை பிறந்து மாசி, பங்குனி என்று வெயில் ஏறும்போது ஊற்று மெலிந்துவிடும். அப்போது நான் மேலே ரோசாவுக்குப் பைப்பைப் பிடித்தால், நீங்கள் கீழே வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள்.

நீ இருந்த கடைசிக் கோடையில் கேட்டாய். பறித்த கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு நாலரைக்குப் பெண்களெல்லாம் பீலிக்கு வருகிற நேரத்திலாவது குழாயை மூடச் சொன்னாய்.

"ரோசா ரெண்டு மணிநேரம் பொறுத்துக்காதாங்க? புள்ளைங்க பொறுக்குமா?"

என் வேலையில் தலையிடாதே என்று கத்தினேன். மறுநாள் மனசு கேட்காமல், சரி, மூன்று மணிக்கு மூடிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். இரண்டு நாள் மூடினேன். மூன்றாம் நாள் வெள்ளைக்கார விருந்தாளிகள் வருகிறார்கள் என்று திறந்தேன். அதற்குப் பிறகு மூடவே இல்லை. மூடிவிட்டதாகத் தினமும் உன்னிடம் சொன்னேன். நீயும் தலையாட்டினாய், நம்பிவிட்டாய் என்றே நினைத்துக்கொண்டேன்.

உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு மாரியாயி மட்டும் உட்கார்ந்திருந்தது. உன்னோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்தவள், உனக்குத் தெரியாததா? சொல்லாமல் வைத்திருக்க முடியவில்லை என்று சொல்லித்தான் தொடங்கியது.

"அன்னைக்குப் பீலியில சொட்டுச் சொட்டாத்தாண்ணே வந்துச்சு. பொம்பளைங்க எல்லாம் பங்களாவுக்குப் போயிக் கேப்போம்னு கெளம்பிட்டாங்க. சரசுதான், இருங்க, நான் போயிப் பாத்துட்டு வர்றேன்னு போச்சு. நானும் பின்னாலயே போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் நீங்க ரோசாவுக்குப் பைப்பு புடிச்சுக்கிட்டு நின்னீங்க. ரெண்டு பேரும் பாத்தோம்."

பிறகு நீ இறங்கி வந்து, டேங்கிலேயே தண்ணீர் இல்லை, அவர் குழாயை மூடித்தான் வைத்திருக்கிறார் என்று எல்லாரிடமும் சொன்னாயாம். யாரிடமும் சொல்லக்கூடாது என்று மாரியாயி கையைப் பிடித்துக்கொண்டாயாம். அதற்குப் பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு கீழாற்றுக்கு, அந்தச் செங்குத்துப் பாதையில், தனியாகப் போனாயாம்.

அன்று சாயந்தரம் நீ எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாய். குழாயை மூடினீர்களா என்று கேட்டாய். மூடினேன் என்றேன். ஏன் கேட்டாய் சரசு? நான் உண்மையைச் சொல்ல ஒரு வழி விட்டுப் பார்த்தாயா? ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் இன்று இப்படி அலையமாட்டேன்.

மாரியாயி சொன்னதற்கு அடுத்து வந்த கோடையிலேயே குழாயை மூடிப் பார்த்தேன். ரோசா தலை தொங்கியது, மனேஜர் சத்தம் போட்டார், திரும்பவும் திறந்தேன். மூன்று நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை உன் வீட்டுக்காரன். ரோசா இருக்கிறவரை குழாய் மூடாது என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. அதனால் தண்ணீர் கேட்காத செடியாகத் தேடினேன்.

முதலில் ஹட்டனுக்குப் போய்க் கள்ளிச் செடியாக வாங்கி வந்து நட்டேன். ஆனி மழை ஒரு மாதம் விடாமல் பிடித்ததில் எல்லாம் அழுகிக் கூழாகிப் போயின. வெயிலைப் பார்த்தவன் மழையை மறந்துவிட்டேன். வருடத்தில் பாதி நாள் கொட்டுகிற ஊரில் இருந்துகொண்டு எனக்கு இந்தப் புத்தி. கள்ளிக்குக் குடை பிடித்துக்கொண்டு நில்லுங்கள் என்று சமையல்காரன் சிரித்தான். நீ இருந்திருந்தால் இன்னும் நன்றாகச் சிரித்திருப்பாய்.

பிறகுதான் தேயிலை மலையில் செய்வதையே இங்கேயும் செய்தேன். சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி மழைத் தண்ணீர் வடிய வழி பண்ணினேன். கல்லும் மணலும் கலந்து மண்ணை மேடாகக் குவித்து, அதன் மேல் நட்டேன். கவ்வாத்து வெட்டின மலையில் மண் காயாமல் இருக்கக் குச்சியை அப்படியே பரப்பிப் போடுவார்களே, அதே போலத் தேயிலைக் குச்சியைத் துண்டு துண்டாக்கிச் செடிக்குக் கீழே பரப்பினேன். மாரியாயி சுமந்து கொண்டுவந்து கொடுத்தது. பின்னேரம் கையை விட்டுப் பார்த்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, நம்புவாயா?

இப்போது படியின் இரண்டு பக்கமும் சிவப்பு ஜெரேனியம். வெட்டிய சைப்ரஸ் மரத்தின் அடிக்கட்டையில் காகிதப்பூவை ஏற்றிவிட்டேன், அதற்கு விருந்தாளிகள் குளிக்கிற தண்ணீர் போதும். வெயில் ஏறினால்தான் அது வெறிபிடித்துப் பூக்கிறது. பாறை இடுக்கில் பத்துமணிப் பூ, மஞ்சளும் ரோசும். ரோட்டோரம் களை என்று வெட்டி எறிகிற உண்ணிச்செடியைக் கொண்டுவந்து உருண்டையாகக் கத்தரித்து வைத்திருக்கிறேன். பூ இல்லாத இடத்திலும் நிறம் இருக்கட்டும் என்று நீலப் போத்தலையும் பச்சைப் போத்தலையும் தலைகீழாகப் புதைத்துக் கரை கட்டினேன். சமையலறையில் உடைந்த பீங்கானைப் பதித்து ஒரு நடைபாதை. சும்மா சொல்லவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் மனேஜருக்கு என்ன தோன்றுமோ? நிறம் குறையக்கூடாது, இந்த ஒரு கோடை பார்க்கலாம், சரிவராவிட்டால் பழையபடி ரோசாவும் பைப்பும்தான் என்று சொல்லிவிட்டுப் போனவர். இருபத்தோரு நாளாக அந்தக் குழாயைத் தொடவில்லை. நாளையோடு அது முடிந்துவிடுமோ?

இதுவரை வியாழக்கிழமை எழுதியது. இன்று சனி.

அவர் வந்தார். தோட்டத்தை இரண்டு முறை சுற்றினார். விருந்தாளி அம்மா ஒருவர் உண்ணிச்செடியின் முன்னால் மண்டிபோட்டுப் படம் எடுத்தார். மனேஜருக்கு வாயெல்லாம் பல். எனக்கு உயிர் வந்தது. பிறகு புல்தரையைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை அங்கே தேநீர் விருந்தாம். இரண்டு நாள், மூன்று மணியிலிருந்து இருட்டும்வரை பைப்பைத் திறந்துவிடு, பச்சை வந்துவிடும் என்றார்.

"சேர், அது லயத்துல தண்ணி புடிக்கிற நேரம். என்னால தொறக்க முடியாதுங்க."

நான்தான் சொன்னேன் சரசு. துணிச்சல் என்று நினைத்துவிடாதே, அவர் முகத்தைப் பார்க்காமல் புல்லைப் பார்த்துத்தான் சொன்னேன். விருந்தாளிகள் பக்கத்திலேயே நின்றார்கள். திங்கட்கிழமை ஆபீசுக்கு வா என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எனக்கு வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. நேரே பீலிக்கு இறங்கினேன். பெண்கள் நிற்கிற நேரத்தில் நான் அங்கே போவதே கிடையாது. எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள். போன வேகத்தில் சொல்லிவிட்டேன். அந்த வருடம் டேங்கில் தண்ணீர் இருந்தது, குழாயைத் திறந்து வைத்திருந்தவன் நான்தான், சரசு எனக்காகப் பொய் சொன்னாள் என்று. சொல்லி முடித்ததும் உன் பொய்யை உடைத்துவிட்டேனே, உன் பெயரைக் கெடுத்துவிட்டேனே என்று திக்கென்றது. மாரியாயி தலையைக் குனிந்துகொண்டது.

பக்கத்து வீட்டுச் செல்விதான் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பேசியது.

"எங்க எல்லாருக்கும் அன்னைக்கே தெரியும்ணே. காஞ்ச டேங்கப் பாத்துட்டு வந்தவங்க மொகமா அது? சரசக்கா பொய் சொல்லி நாங்க கேட்டது அது ஒண்ணுதான். அதுக்கு மேல ஒங்ககிட்ட வந்து சண்ட போட மனசு வரல."

இத்தனை வருடம் அத்தனை பேரும் எனக்கு வணக்கம் சொல்லியிருக்கிறார்கள் சரசு. அண்ணே, சாப்பிட்டீங்களா என்று கேட்டிருக்கிறார்கள். உன் காரியத்துக்கு வந்து அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். நான் அங்கேயே அழுதேன். உன்னை அடக்கம் பண்ணின அன்றுகூட அப்படி அழவில்லை.

திங்கட்கிழமை என்ன ஆகும் என்று தெரியாது. வேலை இருந்தால் குழாய் மூடியிருக்கும். வேலை போனால் நான் வெளியே போகும்போதும் அது மூடியிருக்கும். அடுத்து வருகிறவன் திறந்தால், பெண்களோடு பெண்களாக நானும் மேலே ஏறிப் போய்க் கேட்பேன். இனி என் பொருட்டு இந்த லயத்தில் ஒருத்தரும் பொய் சொல்ல வேண்டி வராது, தெரிந்தும் தெரியாதது போல இருக்க வேண்டியும் வராது. இது நான் உனக்குக் கொடுக்கிற இரண்டாவது வாக்கு. முதலாவதை நான் மீறியதைத்தான் நீ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டாயே.

உன் வீட்டுக்காரன்,
மாணிக்கம்