நாலாவது முறை விழுந்தபோது

சிலிபின், ஈப்போ
24.2.2025

அன்புள்ள பிரமிளா,

வாட்ஸப்பில் என் செய்திகளுக்கு ஒரே ஒரு டிக்தான் விழுகிறது. நீ என்னை பிளாக் பண்ணிவிட்டாய் என்று புரிந்துகொள்ளவே எனக்கு மூன்று நாள் ஆனது. தமிழ்ப்பள்ளியை விட்ட பிறகு இப்போதுதான் ஒரு கடிதம் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

முதலில் நல்ல செய்தி. டிரோன் விசிறி கிழித்த கலாதேவியின் கையில் போட்ட ஏழு தையலையும் இன்று காலை பிரித்துவிட்டார்கள். விரலெல்லாம் நன்றாக மடங்குகிறது. உன்மேல் அவளுக்குக் கோபமே இல்லை. "பிரமிளா ஏன் ஒரு தடவைகூட வந்து பாக்கல?" என்று மட்டும் கேட்டாள். நான் என்ன சொல்வேன்? நீதான் இந்த செமஸ்டரே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாயே.

விபத்து அறிக்கையை இத்துடன் வைத்திருக்கிறேன். அது போய்ச் சேராமல் பல்கலைக்கழகம் நம் குழுவை மறுபடி டிரோன் பறக்கவிடாது. போட்டி ஜூன் மாதம். மூன்றாம் பக்கத்தில் காரணம் என்ற இடத்தில் 'பைலட்டின் தவறு' என்று எழுதியிருக்கிறேன். டிரோன் தானாக நின்றுகொண்டிருந்தது, நீ ரிமோட்டில் அதைக் கைக்கட்டுப்பாட்டுக்கு மாற்றினாய், உடனே அது கலாதேவி பக்கம் பாய்ந்தது. எல்லாரும்தானே பார்த்தோம்? குழுத்தலைவி என்ற முறையில் நான் வேறு எப்படி எழுத முடியும், சொல்லு. உனக்குத் தண்டனை எதுவும் வராது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு.

அம்மாவை நான் கேட்டதாகச் சொல்.

உன்
தேவிஸ்ரீ

—

ஆயர் தாவார்
3.3.2025

தேவிஸ்ரீக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்றாம் பக்கத்தில்.

முதல் தடவை விழுந்தது பேட்டரி கழன்று. அது யாருடைய தவறும் இல்லை என்று சிரித்தோம். இரண்டாவது தடவை நான் மரத்தில் மோதினேன். வெயில் கண்ணில் பட்டது, தூரத்தைத் தப்பாக நினைத்துவிட்டேன். அன்று யாரும் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன், ஞாபகம் இருக்கா?

மூன்றாவது எனக்கே தெரியவில்லை. நான் கைக்கு மாற்றுவதற்கு முன்பே அது வட்டம் போட ஆரம்பித்துவிட்டது என்று என் விரல் சொல்கிறது. ஆனால் அந்தத் திடலில் கலாதேவி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை என் கண் பார்த்ததே. ரத்தத்தைப் பார்த்த பிறகு 'என் விரல் சொல்லுது' என்று யாரிடம் போய் வாதாட? அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. அதுதான் வரவில்லை. அவளிடம் சொல்லிவிடு.

உன் அறிக்கையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இந்தப் பொண்ணு நம்ம வீட்டுல வந்து சாப்பிட்ட பொண்ணுதானே? உன்ன ஒரு வார்த்த கேக்காமலா எழுதுச்சு?" என்றார்கள். அறிக்கையை மடித்து உறையில் போட்டேன்.

செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. பழம் ஏற்றிவரும் லோரிகளை எடை போட்டு எழுதுகிற வேலை. லோரி ஓட்டும் அண்ணன்கள் மரியாதையாக நடந்துகொள்கிறார்கள். ஜூலையில் திரும்பி வருவேனா என்று கேட்காதே. பைலட் ஆகவும் எனக்கு ஆசையில்லை, இஞ்சினியர் ஆகவும் ஆசையில்லை. நீங்கள் போட்டியில் நல்லா செய்யுங்க லா.

பிரமிளா

—

சிலிபின்
24.3.2025

பிரமி,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இனிமேல் கிழிக்கமாட்டேன்.

சனிக்கிழமை மறுபடி விழுந்தது. உனக்குப் பதிலாக ஓட்டியது சுகுமாரன். அதே பழைய தோட்டத்துத் திடல், காலை ஒன்பது மணி, காற்றே இல்லை. இருபது மீட்டர் உயரத்தில் அசையாமல் நின்றது. இன்னும் மேலே ஏற்றச் சொன்னேன். ஏறும்போதே வட்டம் போட ஆரம்பித்தது. முதலில் சின்ன வட்டம், அப்புறம் பெரிசு. சுகுமாரன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, "நான் ஒன்னும் தொடல, தேவி! பாரு, தொடவே இல்ல!" என்று கத்தினான். அது போய்ச் செம்பனை மட்டைக்குள் விழுந்தது. யாருக்கும் அடியில்லை.

கலாதேவிதான் என்னைப் பார்த்து, "அப்போ அன்னிக்கு பிரமிளா?" என்றாள்.

அன்றைக்கே உன்னுடைய பறப்புப் பதிவையும் சுகுமாரனுடையதையும் கணினியில் திறந்தேன். பிரமி, உன்னுடையதை நான் அதுவரை திறக்கவே இல்லை. கண்ணால் பார்த்தது போதும் என்று இருந்துவிட்டேன். நீ கைக்கு மாற்றியதற்கு ஆறு வினாடி முன்பே வட்டம் ஆரம்பித்திருக்கிறது. உன் விரல் சொன்னது சரி.

அந்தப் பதிவின் படத்தை அச்சடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்புக் கோடு மோட்டாருக்குப் போகும் மின்சாரம். நீலக் கோடு, டிரோன் எந்தத் திசை பார்க்கிறது என்று அதன் திசைகாட்டி சொல்வது. சிவப்பு ஏறும்போதெல்லாம் நீலமும் வளைகிறது. பேட்டரி வயர் திசைகாட்டிக்கு ஒட்டினாற்போல் போகிறது. மின்சாரம் கூடினால் அதற்குத் திசை தப்பிவிடுகிறது.

அந்த வயரை அங்கே கொண்டுபோனது நான். உன் விபத்துக்கு முந்தின நாள், புதுப் பேட்டரி உட்காரவில்லை என்று வயரைத் திருப்பிக் கட்டினேன். ஐந்து நிமிட வேலை. யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க நினைத்ததாகக்கூட இல்லை. சொல்லத் தேவையான விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஆனால் உன் பெயரை எழுத மட்டும் எனக்குத் தோன்றியது.

இன்று குழுவுக்கும் விரிவுரையாளருக்கும் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய அறிக்கையைத் திரும்ப வாங்கிவிட்டேன். புதியதில் என் பெயரைப் போட்டிருக்கிறேன். தலைவி பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்றேன். உன்னைக் கேட்டு முடிவு செய்யலாம் என்று கலாதேவி சொல்லிவிட்டாள்.

மன்னிப்புக் கேட்கிறேன். கொடுத்தே ஆகணும் என்று வற்புறுத்தவில்லை.

தேவிஸ்ரீ

—

ஆயர் தாவார்
4.4.2025

தேவி,

ஹரிராயா பெருநாள் விடுமுறையில் உன் கடிதம் தபாலாபீசிலேயே கிடந்து நேற்றுத்தான் கைக்கு வந்தது.

படித்து முடித்ததும் எனக்கு சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. ஏழு வாரமாக, ஒரு ஆளின் கையைக் கிழித்தவள் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன், தூங்கினேன். நீ ஒரு கோப்பைத் திறந்து பார்த்திருந்தால் போதும். 'ஏன் பிரமி அப்படி செஞ்ச?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இதை எழுதாமல் அடுத்த வரிக்குப் போக என்னால் முடியவில்லை.

இப்போது அடுத்த வரி. உன் புது அறிக்கையும் தப்பு.

பழையதில் எல்லாம் நான். புதியதில் எல்லாம் நீ. பெயரை மாற்றியிருக்கிறாய், அவ்வளவுதான். படத்தை ஆலையில் எடை போடும் மேசைமேல் விரித்து வைத்து நன்றாகப் பார்த்தேன். வட்டம் ஆரம்பித்த பிறகு ஆறு வினாடி நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? தானாகச் சரியாகிவிடும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வினாடியிலேயே மாற்றியிருந்தால் இறக்கியிருப்பேன். அது என் பங்கு. கலாதேவி படம் பிடிக்கப் பாதுகாப்புக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்திருந்தாள். பார்த்தேன், கத்தவில்லை. சுகுமாரனும் பார்த்தான். இதையெல்லாம் எழுது. உன் பெயர் மட்டும் இருந்தால் படிக்கிறவர்கள் 'பாவம்' என்று மூடி வைத்துவிடுவார்கள். அடுத்த டிரோன் அதே மாதிரி விழும்.

வயரை முறுக்கிக் கட்டு. திசைகாட்டியை ஒரு குச்சிமேல் உயரத் தூக்கி வை. முதலில் டிரோனைத் தரையில் கட்டிப்போட்டு மோட்டாரை முழுசா ஓட்டிப் பார். நீலக் கோடு அசையவில்லை என்றால் மட்டும் பறக்க விடு. யார் எதைத் தொட்டாலும், ஒரு ஸ்க்ரூ என்றாலும், மற்றவர்களிடம் வாயால் சொல்லணும்.

நீயே தலைவியாக இரு. ஓடிப்போவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நல்லா இல்ல.

பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. வாரேன். பார்க்க மட்டும்.

பிரமிளா

—

ஆயர் தாவார்
21.4.2025

அன்புள்ள தேவி,

உன் நம்பருக்குப் போட்ட பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் இது போனில் வராது, எழுதத்தான் வருகிறது.

பார்க்க மட்டும் என்று சொல்லித்தான் வந்தேன். கலாதேவி என் கையில் ரிமோட்டைத் திணித்து, "தொட்டுப் பாரு, கடிக்காது" என்றாள். அவள் கையில் அந்தத் தழும்பு என் கண்ணுக்கு நேரே இருந்தது. அவள் அதை மறைக்கவில்லை. நான் ரிமோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனதை நீ பார்த்தாய், வந்து என் பக்கத்தில் நின்றாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

பதினொரு நிமிடம் வட்டம் போடாமல் நின்றது, தேவி. மேலே ஏற்றினேன், நின்றது. பக்கத்தில் தள்ளினேன், போய் நின்றது. இறக்கும்போது டிரோனின் ஒரு கால் மடங்கிக் கவிழ்ந்து இரண்டு விசிறி உடைந்துபோனது. ஐந்தாவது விபத்து என்று எழுதிக்கொள்வோம். பஸ்ஸில் திரும்பி வரும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். கவிழ்ந்ததை இல்லை, அதற்குப் பிறகு நடந்ததை. நாம் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் சுகுமாரன், "அந்தக் கால் நான் மாட்டினது. ஸ்க்ரூவ இறுக்க மறந்துட்டேன்" என்றான். பசிக்குது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான். நீ, "சரி, மத்த மூணையும் பாத்துரு" என்றாய். அவ்வளவுதான். எல்லாரும் குனிந்து வேலையைப் பார்த்தோம்.

கோபம் எனக்கு முழுசாகப் போகவில்லை. போய்க்கொண்டிருக்கிறது. ஆலையில் ஜூன் கடைசி வரைக்கும்தான் வேலைக்கு வருவேன் என்று இன்று காலையில் சொல்லிவிட்டேன். ஜூலை செமஸ்டருக்கு விண்ணப்பப் பாரம் அனுப்பியாச்சு. நம் அறைக்கு வேறு ஆள் சேர்த்துவிடாதே, எனக்கு ஜன்னல் பக்கத்துக் கட்டில் வேணும்.

அன்புடன்
பிரமி