அப்பாவின் டம்ளருக்கு ஒரு வளையம்

மார்ச் 3
அப்பா இன்றும் தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டார். கை நடுக்கத்தில் சட்டையெல்லாம் ஈரம். டம்ளரைப் பிடிக்கப் போனால், "எனக்கென்ன பாலா புகட்டப் போறே?" என்று சீறுகிறார். ஸ்ட்ராவும் கூடாதாம். போன மாதம் எதிர்த் தெரு போஸ்ட்மாஸ்டர் வீட்டில் டீயைக் கொட்டியதிலிருந்து அந்தப் பக்கமே போவதில்லை. முப்பது வருட சிநேகிதம். தண்ணீர் போதாமல் சிறுநீரில் கிருமி என்று டாக்டர் என்னைத் திட்டுகிறார். அவரைத் திட்ட யாருக்குத் தைரியம்?

ஒரு யோசனை. நடுக்கத்தை அடக்கும் கனத்தில் ஒரு மரவளையம், இரண்டு பக்கமும் கைப்பிடி. டம்ளர் அதில் இறங்கி இறுகி நிற்கும். இரண்டு கையாலும் தூக்கலாம். கணினியில் வரைந்ததை மரத்தில் வெட்டித் தரும் சி.என்.சி. மெஷின் மாடி அறையில் சும்மாதானே கிடக்கிறது.

மார்ச் 6
முதல் வளையத்தை வெட்டி அளந்தேன். வட்டமாம் வட்டம்! குறுக்கே எழுபது மில்லிமீட்டர், நெடுக்கே அறுபத்தொன்பதரை. டம்ளர் உள்ளே ஆடுகிறது. அப்பா பார்த்துவிட்டு, "முட்டைக்கு வளையமா?" என்றார். சிரிப்பு வரவில்லை.

மார்ச் 7
மெஷினில் நெடுக்கே இழுக்கும் பெல்ட் தொய்ந்திருக்கிறது. திசை திரும்பும்போதெல்லாம் மரத்தை வெட்டும் பிட் கொஞ்சம் பின்தங்குகிறது. இறுக்கினேன்.

மார்ச் 9
வட்டம் சரி. ஆனால் கடைசிச் சுற்றில், அறுபட்ட நடுத்துண்டு துள்ளிப் பிட்டில் மாட்டி, உள்விளிம்பைக் கடித்துவிட்டது. நல்ல மரம். ச்சே!

தம்பி போனில், "அக்கா, கைப்பிடி வச்ச கப்பு கடையிலயே கிடைக்குமே" என்கிறான். கிடைக்கும்டா. எடையில்லாத பிளாஸ்டிக். வாங்கிக் கொடுத்தேன், அப்பா ஜன்னல் வழியாக விட்டெறிந்தார். தூரத்தில் உட்கார்ந்து யோசனை சொல்ல எல்லாருக்கும் வாய் இருக்கிறது.

மார்ச் 12
நடுத்துண்டின் அடியில் இருபக்கமும் ஒட்டும் டேப். முதலில் கோட்டிலிருந்து கால் மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வெட்டினேன். பிறகு முழு ஆழத்தில் மெல்லிய ஒரே சுற்று. வெட்டும் சத்தம் மாறவே இல்லை, துண்டு துள்ளவில்லை. விரலை விட்டுத் தடவினேன். எங்கும் தட்டவில்லை.

மார்ச் 13
மேசையில் வைத்தேன். "காது வச்ச டம்ளர்" என்றார், அவ்வளவுதான். தொடவில்லை. அழுகை வந்துவிட்டது. எனக்கு எதுக்கு இந்த வேலை? வேண்டாம்னா போகட்டும் — போங்கப்பா.

மார்ச் 14
ஒன்றுமில்லை.

மார்ச் 15
ஆபீஸிலிருந்து வந்தபோது வளையம் கழுவிக் காயவைத்திருந்தது.

மார்ச் 19
சாயங்காலம் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு பையோடு கிளம்பினார். ஏழு மணிக்குத் திரும்பினார். சட்டையில் ஒரு சொட்டு டீ இல்லை. பை காலி.

"வளையம் எங்கப்பா?"

"போஸ்ட்மாஸ்டர் வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். தினம் தூக்கிட்டு அலைய முடியுமா? வீட்டுக்கு இன்னொண்ணு வெட்டு."