இடது பக்கத்துப் பின் கதவு

8 செப்டம்பர் 2003, திங்கள்

இன்றும் பீன்யா என்றதும் ஆட்டோக்காரர்கள் ஒவ்வொருவராகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில் ஒருவன் ஏற்றிக்கொண்டான். இவர் காலை வெளியே நீட்டி உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, “கால உள்ள வைங்க சார், போலீஸ் புடிப்பான்” என்றான். தும்கூர் ரோட்டுப் பள்ளத்தில் ஸ்கூட்டரோடு விழுந்து, தொடைக்குள் தகடு வைத்துத் தைத்த கால். எப்படி மடக்குவது? கழற்றியா வைக்க முடியும்?

கார் வாங்கியே ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டோம். ஓட்டப்போவது நான். லைசென்ஸ் ஜூனிலேயே வந்துவிட்டது. காலையில் இவரை பீன்யா தொழிற்சாலையில் விட்டுவிட்டு சிவாஜிநகர் போய் என் துணிக்கடையைத் திறக்கலாம்.

எங்கே வாங்குவது என்ற பேச்சே எழவில்லை. ஒக்கலிபுரம் பள்ளிக்கூடத்தில் இவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஸ்ரீகண்டன் இப்போது ஒரு ஷோரூமில் சேல்ஸ் மேனேஜர். “அவன் இருக்கான், பாத்துப்பான்.” ராத்திரி சாப்பாட்டுக்குள் இதை எத்தனை தடவை கேட்டேன் என்று எண்ணவில்லை.

13 செப்டம்பர், சனி

ஷோரூம் போனோம். சுஹாஸ் என்று ஒரு பையன், டை கட்டியவன், எல்லாவற்றையும் இவரிடமே சொன்னான். மைலேஜ் இவரிடம். கியர் இவரிடம். “சார், ஓட்டிப் பாருங்க சார்.” கைத்தடியை ஊன்றிக்கொண்டு நிற்கும் மனிதரிடம்!

“ஓட்டறது நான்” என்றேன்.

“ஓ, மேடமா? சூப்பர் மேடம்.” சொல்லிவிட்டு மறுபடி இவர் பக்கம் திரும்பி, சீட் கவர் எந்தக் கலர் வேண்டும் என்றான்.

ஸ்ரீகண்டன் காபி வரவழைத்தார். “சந்தானம், உனக்கு நான் வண்டி குடுக்கல, என் தங்கச்சிக்குக் குடுக்கறேன்” என்று என்னைக் காட்டினார். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் காபி ஆறிப்போயிருந்தது.

இளநீலம் புக் பண்ணியாயிற்று. ஆயுத பூஜை அன்று டெலிவரி.

22 செப்டம்பர், திங்கள்

பக்கத்துச் செருப்புக்கடை பாய் போன வருஷம் கார் வாங்கிப் பட்டவர். இன்று கடை வாசலில் நின்று சொன்னார்: “அக்கா, ரெஜிஸ்டர் ஆகி நம்பர் விழறதுக்கு முன்னாடி வண்டியப் பாத்துருங்க. நம்பர் விழுந்துட்டா அப்புறம் அது உங்க தலையெழுத்து.”

சுஹாஸுக்குப் போன் போட்டேன். வண்டி எங்கே, பார்க்க வேண்டும் என்றேன்.

“வண்டி நிறுத்தற யார்டுல இருக்கு மேடம், ஹொஸ்கோட்டே சைடு.”

“நான் அங்கயே வரேன்.”

“கஸ்டமருக்கு அலோ இல்ல மேடம். டென்ஷன் பேடா, வேணாம். டெலிவரி அன்னிக்கு ஃபுல்லா பாத்துக்கலாம்.”

காசு கொடுப்பவளுக்கு அனுமதி இல்லையாம். பின் யாருக்கு இருக்கிறது?

29 செப்டம்பர், திங்கள்

இன்னும் காட்டவில்லை. ஸ்ரீகண்டன் மீட்டிங்கில் இருக்கிறார். நான் போன் செய்யும்போதெல்லாம் மீட்டிங்.

2 அக்டோபர், வியாழன்

இன்று எனக்கும் இவருக்கும் நல்ல சண்டை. நேற்று சுஹாஸ் பீன்யாவுக்கே போயிருக்கிறான். தொழிற்சாலை கேட்டில் வைத்து இவரிடம் ஒரு கட்டுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறான். அதில் ஒன்று டெலிவரி நோட்டு. வண்டியைப் பார்த்தேன், நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று அச்சடித்த காகிதம்.

“பாத்தீங்களா?”

“இல்ல.”

“வாங்கிக்கிட்டீங்களா?”

“அன்னிக்கு ரஷ்ஷா இருக்கும், முன்னாடியே முடிச்சுடலாம்னு ஸ்ரீகண்டன் சொன்னானாம்.”

சொன்னானாம்! இந்த மனிதரிடம் யார் எதை நீட்டினாலும் வாங்கிக்கொள்வார். பஸ்ஸில் சீட்டை விட்டுக்கொடுப்பார், கியூவில் இடத்தை விட்டுக்கொடுப்பார், தொழிற்சாலையில் பிரமோஷனையே விட்டுக்கொடுத்தார். கல்யாணமான புதிதில் அதுதான் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

4 அக்டோபர், சனி — ஆயுத பூஜை

எழுதும்போதும் கோபம் ஆறவில்லை. 

ஷோரூம் வாசலெல்லாம் உடைத்த பூசணிக்காய், குங்குமம், வழுக்கல். இவரைக் கைப்பிடித்துப் படியேற்றினேன். உள்ளே மாலை போட்ட கார்கள் வரிசையாக நின்றன. எங்களுடையது மூலையில், மஞ்சள் விளக்குக்கு அடியில், ரிப்பன் கட்டி. ஐயர் தட்டோடு தயார். சுஹாஸ் அட்டையில் செய்த பெரிய சாவி ஒன்றை இவர் கையில் கொடுத்து போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னான். இவரும் சிரித்தார்.

“வண்டிய வெளிய கொண்டாங்க. வெயில்ல பாக்கணும்” என்றேன்.

“பூஜை முடிச்சுட்டு மேடம்.”

“பூஜைக்கு முன்னாடி.”

இவர் என் முழங்கையைத் தொட்டார். “தமயந்தி, நல்ல நேரம் போகுது.”

என் மேட்சிங் சென்டரில் ரவிக்கைத் துணி எடுக்க வருகிறவர்கள் யாராவது ட்யூப்லைட்டை நம்புகிறார்களா? புடவையும் துணியுமாகத் தெருவுக்குப் போய், வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வெட்டச் சொல்வார்கள். ரவிக்கைக்கே அந்தப் பாடு. நான் நகரவில்லை. வேறு வழியில்லாமல் வெளியே எடுத்தான்.

முன் கதவு ஒரு நீலம். இடது பக்கத்துப் பின் கதவு வேறு நீலம். மழை வரும் மேகம் மாதிரி ஒரு பொட்டுக் கறுப்பு கூடுதல். கதவைத் திறந்து விளிம்பு ரப்பரை விரலால் மடக்கினேன். உள்பக்கம் பெயின்ட் தூறல். கீல் போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் பிடித்த காயம். மற்றக் கண்ணாடிகளிலெல்லாம் மூலையில் ஒரே கம்பெனி எழுத்து. இந்தக் கதவுக் கண்ணாடியில் வேறு. டிக்கியைத் திறந்து பாயை உருவினேன். அடித்தகட்டில் அந்தப் பக்கம் சுருங்கியதை நிமிர்த்தி, மேலே பெயின்ட் பூசியிருந்தார்கள். எல்லாமே கண்ணால் பார்த்தால் தெரிகிற சங்கதிகள். பார்க்க விடாமல்தான் இத்தனை நாள்.

“இது அடிபட்ட வண்டி.”

“மேடம், சார் டெலிவரி நோட்ல சைன் பண்ணிட்டாரே.”

அய்யோ, அப்ப வந்துச்சு பாரு எனக்கு! சைன் பண்ணா அடிபட்ட கதவு நேரா ஆயிடுமா? நான் கத்தினேன். ஆமாம், கத்தினேன். மாலையும் பூவும் புதுப்புடவையுமாக நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைக் காருக்குத் தேங்காய் உடைக்கப் போனவர் கையை இறக்கிவிட்டு, “நம்ம காடீனூ ஹொரகே தெகீரி” என்றார். எங்கள் வண்டியையும் வெளியே எடுங்கள் என்று. அவருக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கார்க் குடும்பம். அப்புறம் ஒவ்வொருவராக எல்லோருக்கும் வெயில் வேண்டியிருந்தது. ஐயர் கற்பூரத் தட்டோடு நடுவில் மாட்டிக்கொண்டார்.

ஸ்ரீகண்டன் ஓடி வந்தார். அவருக்கு இன்று மீட்டிங் இல்லை.

“சிஸ்டர், ரூமுக்கு வாங்க, பேசலாம்.”

“இங்கயே பேசுங்க. அடிபட்டது உங்களுக்குத் தெரியுமா?”

“இஞ்சின் பர்ஃபெக்ட் சிஸ்டர்.”

“நான் இஞ்சினக் கேக்கல.”

அவர் என்னைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தார். “யார்டுல இறக்கும்போது லேசா ஒரு உரசல். சந்தானம், நீயாவது சொல்லேன்டா.”

இவர் என் பக்கமும் சொல்லவில்லை, அவர் பக்கமும் சொல்லவில்லை. அட்டைச் சாவியை மெதுவாக பானெட்டின் மேல் வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

வேறு வண்டி தருவதாக, கூட்டத்துக்கு முன்னால், ஸ்ரீகண்டன் வாயால் சொல்ல வைத்துவிட்டுத்தான் வந்தேன். எங்கள் வண்டிக்கு இன்னும் நம்பர் விழவில்லை. அந்த மட்டும் பிழைத்தோம். வீட்டுக்கு ஆட்டோதான். கால் வெளியே.

5 அக்டோபர், ஞாயிறு

இவரிடமிருந்து சாயந்திரம் மட்டும் ஒரே ஒரு வாக்கியம்: “நாலு பேர் எதிர்ல அவன் மூஞ்சி எப்படி ஆயிடுச்சு பாத்தியா?”

என் மூஞ்சியை யாராவது பார்த்தார்களா?

15 அக்டோபர், புதன்

புது வண்டி வந்தது. யார்டிலேயே, நல்ல உச்சி வெயிலில், நான் தனியாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கதவு நாலும் ஒரே நீலம். கண்ணாடியெல்லாம் ஒரே எழுத்து. டயரில் புது ரப்பரின் முடிகூட உதிரவில்லை. சேசிஸ் நம்பரைக் காகிதத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். ஜாக்கி இல்லை, கேட்டேன், கொண்டுவந்தார்கள். இரண்டாவது சாவியும் இல்லை, அதையும் கேட்டேன். கேட்டால் எல்லாம் இருக்கிறது! கேட்காவிட்டால்தான் ஒன்றும் இல்லை.

இவர் வரவில்லை. லீவு கிடைக்கவில்லையாம்.

ஸ்ரீராமபுரம் வீட்டுக்கு வருவதற்குள் வண்டி நடுரோட்டில் அணைந்து அணைந்து என் உயிரை வாங்கியது. வண்டியின் தப்பில்லை. க்ளட்சுக்குப் பழகாத என் இடது கால்.

20 அக்டோபர், திங்கள்

முதல் நாள் பீன்யா. இவர் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, காலை முழுசாக நீட்டி உட்கார்ந்தார். பேச்சு அளந்துதான். ஆனால் யஷ்வந்த்பூர் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். ஆட்டோவில் இவர் தூங்கி நான் பார்த்ததில்லை.

24 அக்டோபர், வெள்ளி — தீபாவளி

ஸ்ரீகண்டன் ஸ்வீட் டப்பாவோடு வந்தார். நானாக இருந்தால் இந்த வாசலை மிதித்திருக்க மாட்டேன். இவருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. “வாடா வாடா” என்று எழுந்து நிற்கப் போய்த் தடுமாறினார். நான் பஜ்ஜி போட்டேன். பழையதெல்லாம் பேசிச் சிரித்தார்கள். சரி, போகட்டும் என்று நானும் நினைத்தேன். நினைத்ததை மறைக்கவில்லை.

கிளம்பும்போது அவராகவே சொன்னார். “சிஸ்டர், நீங்க வேணாம்னு விட்ட நீல வண்டி அடுத்த வாரமே போயிடுச்சு. அவங்க ஒண்ணுமே பாக்கல. பூ போட்டாங்க, எலுமிச்சம்பழம் வெச்சாங்க, போயிட்டாங்க.”

“யாரு?” என்றார் இவர்.

“நம்ம அம்புஜம் டீச்சர்டா! மூணாங்கிளாஸ். ரிட்டயராகி பிரகாஷ்நகர்ல மகளோட இருக்காங்க. நான் இருக்கேன்னு தேடி வந்தாங்க. தெரிஞ்சவங்களாச்சே, கேள்வியே கேக்கல.”

சிரித்தார். பஜ்ஜி நன்றாக இருந்தது என்றார். போனார்.

இவர் வாசல் கிரில்லைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். வெளியே பட்டாசுப் புகை. “உள்ள வாங்க, இருமல் வரும்” என்றேன். காதில் விழவில்லை.

26 அக்டோபர், ஞாயிறு

காலையில் இவராகவே, “வண்டிய எடு. பிரகாஷ்நகர் போவணும்” என்றார்.

“எதுக்கு? நமக்கு நல்ல வண்டி வந்தாச்சு. அவங்க நிம்மதியா இருக்காங்க. சொல்லி என்ன ஆவப்போவுது?”

நான்தான் இப்படிச் சொன்னேன். நான்!

“நமக்குத் தெரியாம இருந்தா வேற. தெரிஞ்சுபோச்சே” என்றார்.

அந்த வீட்டு வாசலில் அதே வண்டி நின்றது. புது நம்பர், கண்ணாடியில் காய்ந்த சாமந்தி. டீச்சருக்கு இவரை அடையாளம் தெரியவில்லை; பெயரைச் சொன்னதும், “சந்தானமா? கையெழுத்து கோணலா எழுதுவியே” என்றார். மகள் காபி கொண்டுவந்தாள். இவர் தொடவில்லை. நேரே சொல்லிவிட்டார். தயக்கமில்லை, சுற்றி வளைக்கவில்லை. டீச்சரையும் மகளையும் வெயிலுக்கு அழைத்துப் போய், தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்து ரப்பரை மடக்கிக் காட்டினார். டிக்கிப் பாயைத் தானே உருவினார். அன்றைக்கு வாசலைப் பார்த்து நடந்த மனிதர் எல்லாவற்றையும் கவனித்துத்தான் இருந்திருக்கிறார்.

டீச்சர் அந்தக் கதவையே பார்த்தார். அப்புறம் கோபம் வந்தது. எங்கள் மேல்.

“பத்து நாளா சந்தோஷமா இருந்தேன். இத ஏன் வந்து சொல்ற? வாங்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும், இல்ல சொல்லாமலே இருந்திருக்கணும்.”

“முன்னாடி எனக்குத் தெரியாது டீச்சர்.”

“ஸ்ரீகண்டன் அப்படிப் பண்ற பையன் இல்ல.”

“அவன்தான் டீச்சர் என்கிட்டச் சொன்னான்.”

அவர் திரும்பி உள்ளே போய்விட்டார். மகள் மட்டும் ஷோரூம் ஓனர் பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டாள்.

திரும்பி வரும்போது எனக்கு எரிச்சலாக வந்தது. நல்லது செய்யப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறோம். இவர் மட்டும் அமைதியாக ஜன்னலை இறக்கிவிட்டுக் காற்று வாங்கினார்.

3 நவம்பர், திங்கள்

சாயந்திரம் போன். நான்தான் எடுத்தேன். “அவன்கிட்டக் குடுங்க” என்றார் ஸ்ரீகண்டன். இந்தத் தடவை “சிஸ்டர்” என்ற சொல் இல்லை.

இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, “ஆமா, நான்தான் சொன்னேன்” என்றார். மறுபடி கொஞ்சம் கேட்டார். “இல்லடா. தமயந்தி சொல்லல. நான்.” போனை வைத்துவிட்டார்.  முப்பத்தேழு வருஷச் சிநேகம்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

14 நவம்பர், வெள்ளி

ஷோரூம்காரர்கள் அந்த வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு வண்டி தரச் சம்மதித்துவிட்டார்களாம். டீச்சரின் மகள் கடைக்குப் போன் பண்ணிச் சொன்னாள். டீச்சர் பேசவில்லை.

7 டிசம்பர், ஞாயிறு

ஸ்ரீகண்டனுக்கு இன்று கிரகப்பிரவேசம். ஒக்கலிபுரம் சிநேகிதர்கள் எல்லோருக்கும் பத்திரிகை போயிருக்கிறது. எங்களுக்கு வரவில்லை.

காலையில் இவர் எனக்கு முன்பே எழுந்து குளித்து, இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார். எனக்குத் திக்கென்றது. அழைக்காமலே போகப்போகிறாரோ?

“நந்தி மலை போலாமா?” என்றார்.

மலைப்பாதையில் எனக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றுபோய்ப் பின்னுக்கு நழுவியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பின்னால் வந்த ஜீப்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். நான் அவசரமாகக் கியரைத் தேடினேன். ஓரமாக ஒதுங்கி அவனுக்கு வழிவிடலாமா என்று கேட்டேன்.

இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அவன் நிக்கட்டும். நீ நிதானமா எடு” என்றார்.