நீ பேச வேண்டிய பேச்சு

மாப்ள,

இன்று காலை உலையில் அரிசி கொதித்தபோது அந்த வாடை வீடு முழுக்கப் பரவியது. ரேசன் புழுங்கலரிசிக்கே உள்ள வாடை. எத்தனை தண்ணீர் விட்டு அலசினாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்யும். முன்பெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவேன். இப்போது அது வந்தால் உன் ஞாபகம் வருகிறது. சோற்று வாடைக்கெல்லாம் ஞாபகம் வர நான் என்ன அம்புட்டுப் பெரிய ஆளா என்று கேட்பாய். ஆமாம்டா, பெரிய ஆள்தான்.

மில் கேட்டில் பூட்டு தொங்கிய அன்று நாம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வீடு திரும்பினோம். நீ எலக்ட்ரீசியன், நான் சூப்பர்வைசர். வேலை போனதில் மட்டும் மேல் கீழ் இல்லை. வேறு மில்களில் கேட்டுப் பார்த்தோம். வயதைக் கேட்டதுமே பேச்சை மாற்றினார்கள். திருநகரில் என் தெரு முழுக்கச் சம்பளக்காரர்கள். காலையில் வண்டிகள் வரிசையாகக் கிளம்பும்போது நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடப்பேன். பால்காரர் "என்ன சார், இன்னைக்கு லீவா?" என்று கேட்டால்கூட உடம்பு கூசும்.

என்னிடம் இருந்தது சீனி கார்டு. சூப்பர்வைசர் ஆன புதிதில், ரேசன் அரிசியெல்லாம் நமக்கு எதற்கு, கௌரவமாக இருக்கட்டும் என்று நானே எழுதிக் கொடுத்து வாங்கியது. அரிசி கிடையாது, அதற்குப் பதிலாகக் கூடுதல் சீனி. அதைக் கேட்டு நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

"சீனிய மட்டும் வச்சுப் பொங்க வைக்க முடியுமா மாப்ள? அரிசி வேணும்ல. கெளம்பு, தாலுகா ஆபீசுக்குப் போவோம்."

"அவள அனுப்புறேன்டா."

"ஏன், சோறு என் தங்கச்சி மட்டுமா திங்குறா?"

என் மனைவியை நீ எப்போதும் தங்கச்சி என்றுதான் சொல்வாய். அந்தக் கேள்விக்குச் சுருக்கென்று கோபம் வந்தது எனக்கு. ஆனாலும் உன் வண்டியில் ஏறினேன்.

கார்டு அரிசி கார்டாக மாறி, முதல் தடவை கடைக்குப் போன நாளை மறக்க மாட்டேன். உன் ரேசன் கடை வேறு, என் கடை வேறு. உனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் வந்து என்னோடு வரிசையில் நின்றாய். எதிர்வீட்டு அம்மா அந்தப் பக்கம் போனார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ சத்தமாக, "வணக்கம்க்கா! எங்க சாருக்கு இன்னைக்குத்தான் முதல் அரிசி!" என்றாய். வரிசையே சிரித்தது. அடப்பாவி, மானத்தை வாங்கிவிட்டானே என்று பல்லைக் கடித்தேன். வீட்டுக்கு வந்து பையை இறக்கியபோது நெஞ்சு லேசாக இருந்தது. தெருவுக்கே தெரிந்த பிறகு எதை மறைக்க? மறுநாள் வாசல் கதவைத் திறந்து வைத்துப் பேப்பர் படித்தேன்.

எனக்காகப் பேசுவது எப்போதும் நீதான். மகள் கயலுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோதே சொல்லிவிட்டாய். "பொண்ணு பாக்க வர்ற அன்னைக்கு நீ வாயத் தெறக்காத. உனக்குப் பேசவும் தெரியாது, மறைக்கவும் தெரியாது. நான் பக்கத்துல உக்காந்து பதவிசா சொல்லிப்புடுறேன்." நானும் அதை நம்பி நிம்மதியாக இருந்தேன். மாசி மாதத்தில் ஒருநாள் டீக்கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை நீ.

போன ஞாயிற்றுக்கிழமை அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து வந்திருந்தார்கள். நல்ல இடம். பையன் நல்ல பையன், கயலுக்கும் பிடித்திருந்தது. தரகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மில்லுல இருக்கேன்னே சொல்லுங்க சார். தாலி ஏறுற வரைக்கும்தான" என்றார். உன் தங்கச்சி என் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு இந்த இடம் கைவிட்டுப் போகக் கூடாது. எனக்கு மட்டும் போக வேண்டுமா என்ன!

கேசரி சாப்பிட்டுக்கொண்டே பையனுடைய அப்பா கேட்டுவிட்டார். "சார் எந்த மில்லுல இருக்கீங்க?"

தரகர் இருமினார். அடுப்படி வாசலில் கயலின் சேலை தெரிந்தது.  எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, எனக்குப் பேச்சு வந்தது.

"மில்ல மூடிட்டாங்கண்ணே. எனக்கு இப்ப வேலை இல்ல. ரேசன் அரிசியும், இவளுக்கு மாசாமாசம் வர்ற உரிமைத்தொகையும் வச்சுத்தான் வீடு ஓடுது. பெருசா சீர் செனத்தி செய்ய முடியாது. பொண்ண மட்டும் நல்லா வளத்திருக்கோம்."

சொல்லி முடித்ததும், சரியாகப் பேசினேனா என்று கேட்கப் பக்கத்தில் திரும்பினேன். அங்கே தரகர் உட்கார்ந்திருந்தார்.

பையனுடைய அப்பா கேசரியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, "வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று எழுந்தார். இதுவரை தகவல் இல்லை. வரலாம், வராமலும் போகலாம்.

அவர்கள் போன பிறகு கயல் வந்து என் தோளை ஒட்டி உட்கார்ந்தாள். "மாமா பேசுன மாதிரியே இருந்துச்சுப்பா" என்றாள். உன் தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பேசக் கற்றுக்கொண்டுவிட்டேன் மாப்ள. உன் பேச்சுத்தான், என் வாயில் இருக்கிறது. ஆனால் எனக்கு இது வேண்டாம்டா. நீ பேச வேண்டும். நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.