பஞ்சு வைத்துத் தைத்த உடம்பு

என் அருமைத் தங்கச்சிக்கு உன் அக்கா எழுதிக்கொள்வது.

நலமா என்று கேட்கப் போவதில்லை. நேற்று போனில் நீ கத்தின கத்தலிலேயே தெரிந்துவிட்டது, கடல் தாண்டிப் போயும் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்கிறாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றவள் எழுத்து கோழி கிளறின மாதிரித்தான் இருக்கும், கஷ்டப்பட்டுப் படி. இன்று ராத்திரி விமானத்தில் உன் ஊருக்கு வரும் நம் மாடி வீட்டுப் பெண் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உறைக்குள் டாக்டர் கொடுத்த தாளும் இருக்கிறது. அதையே போனில் அனுப்பினேன், மகாராணி திறந்துகூடப் பார்க்கவில்லை.

உன் மகளுக்கு லேசான அசதி என்று அவள் நடிக்கிற டிவி தொடரின் டைரக்டர் உன்னிடம் சொன்னாராம். இன்னும் பன்னிரண்டு நாள் ஷூட்டிங் முடியட்டும், பிறகு ஆஸ்பத்திரி பார்க்கலாம் என்று நீயும் தலையாட்டினாயாம். அசதியாம் அசதி! போன திங்கள்கிழமை ஷூட்டிங் உடுப்புக்கு அளவெடுக்கும்போது என் கையிலேயே சரிந்து விழுந்தாள். இஞ்ச் டேப்பைச் சுற்றின விரலுக்கு விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டியது. ஆறு மாதத்துக்கு முன் என் நோட்டில் இடுப்பு முப்பத்தெட்டு. திங்கள்கிழமை இருபத்தொன்பது. இதற்குப் பெயர் அசதி என்றால் எனக்கும் அந்த டைரக்டருக்கும் பாஷை வேறு.

நீ கேட்பாய், உன் வீட்டில்தானே இருக்கிறாள், தினமும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீ எதைப் பார்த்துக் கிழித்தாய் என்று. கேள். தினமும் டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன், தினமும் துடைத்த மாதிரிக் காலியாக வந்தது. நான் வேறு என் கைப்பக்குவத்தை நினைத்துப் பூரித்துப் போனேன். ஒரு நாள் ஷூட்டிங்கில் லைட் போடுகிறவர் அங்கே இருக்கும் என் தையல் அறைக்கே வந்து, "அக்கா, உங்க சாப்பாட்ட சாப்ட்டு ரெண்டு கிலோ ஏறிட்டேன், வீட்ல சண்டையே வந்துருச்சு" என்றார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? பிள்ளைக்கு எவ்வளவு தாராள மனசு என்று சிரித்துவிட்டு மிஷினை மிதித்தேன்.

இனி சொல்வதை உட்கார்ந்துகொண்டு படி. அந்தத் தொடரில் உன் மகள் குண்டுப் பெண். தன் உடம்பைத் தானே வெறுத்து, மனசு உடைந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, கடைசியில் தேறி வருகிறவள். நடுநடுவே சிரிப்பு. நல்ல கதைதான், நானே தைத்துக்கொண்டே அழுதிருக்கிறேன். ஆனால் படம் பிடிப்பது கதை வரிசையில் இல்லை. இன்றைக்கு முதல் வாரக் காட்சி, நாளைக்குப் பத்தாவது வாரக் காட்சி. பெண் ஒரே அளவில் தெரிய வேண்டும். முதல் தடவை உடுப்பு தொளதொளத்தபோது, பிடித்துத் தைக்க வேண்டாம், உள்ளே பஞ்சு வை என்றார் டைரக்டர். வைத்தேன். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் வைத்தேன். தோளில், கையில், வயிற்றில், கழுத்துக்குக் கீழே. வற்றின கன்னத்தை மேக்கப்காரர் பூசி உப்ப வைத்தார். கேமராவே கண்டுபிடிக்கவில்லை என்று எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார்கள். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

டிவியில் பார்க்கிறவர்கள் போனில் அவளைப் பற்றி எழுதுவதைப் படித்திருக்கிறாயா? சோபா நடந்து வருகிறது என்று ஒருத்தன். கேமரா உடைந்துவிடும் என்று இன்னொருத்தன். அதைப் படித்துவிட்டுத்தான் பிள்ளை சாப்பாட்டைக் குறைத்தாள். குறைத்தாள், இளைத்தாள், டிவியைப் பார்த்தாள், அதே குண்டு. இன்னும் குறைத்தாள், மறுபடி பார்த்தாள், அதே குண்டு. எவ்வளவு பட்டினி கிடந்தாலும் அந்தப் பெட்டிக்குள் இளைக்க முடியவில்லை அவளால். ஏனென்றால் அவள் குறைத்ததை எல்லாம் நான் திரும்ப வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். கூடப்பிறந்தவள் மகளுக்கு நான் செய்த உபகாரம் இது.

நீ மட்டும் சும்மா இருந்தாயா? முதல் வாரம் பார்த்துவிட்டு, "டிவில கொஞ்சம் பெருசாத் தெரியுற, பாப்பா" என்று அனுப்பினாய். அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறாள். போன மாதம் வீடியோவில் பார்த்தபோது, கன்னம் வற்றி எவ்வளவு அழகாகிவிட்டாய் என்று முத்தம் கொடுத்தாய். கண் இருந்ததா அப்போது உனக்கு? நான் யோக்கியம் என்று சொல்லவில்லை. பிறந்த நாளிலிருந்து அவளை உருண்டை, உருண்டை என்றே கூப்பிட்டவள் நான். அவளும் சிரிப்பாள், அதனால் வலிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இந்த வாரம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்து அவள் திரும்பவே இல்லை.

டாக்டரம்மா அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்கள், இதயம் மெதுவாக அடிக்கிறது, உடனே சேர்க்க வேண்டும், இது உடம்போடு மனசுக்கும் வந்த நோய், திட்டினாலும் கெஞ்சினாலும் போகாது என்று. பதினாறு வயது, அப்பாவும் இல்லை, அதனால் தாய் கையெழுத்துதான் வேண்டுமாம். பெரியம்மா கையெழுத்து செல்லாதாம். டைரக்டரிடம் சொன்னேன். என்ன சொன்னார் தெரியுமா? பாக்கி இருப்பது ஆஸ்பத்திரிக் காட்சிகள்தானாம், அதில் பாப்பா பெரும்பாலும் படுத்துக்கொண்டுதான் இருப்பாளாம், சிரமமே இல்லையாம். பிள்ளையை நிஜ ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் அட்டையில் செய்த ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, உன் உடம்பை நீ நேசி என்று வசனம் பேசி, நாலு பேரை அழ வைக்கப் போகிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தையல் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

பன்னிரண்டு உடுப்பு தொங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டையும் பிரித்தேன். தையல் பிரிக்கக்கூடப் பொறுமையில்லை, கத்திரியால் கிழித்தேன். பஞ்சு மொத்தமும் இரண்டு தலையணை உறை நிறைய வந்தது. கொண்டுபோய் டைரக்டர் நாற்காலியில் வைத்து, "இந்தாங்க உங்க கதாநாயகி, எவ்ளோ நேரம் வேணும்னாலும் படுக்க வெச்சு எடுங்க" என்றேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். இன்றைக்கே போகிறேன் என்று கத்திரியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். புதுத் தையல்காரர் வந்து எல்லாம் மறுபடி தைக்க நாலு நாள் ஆகும். அதற்குள் நீ ஒரு முடிவுக்கு வா.

உன் மகள் என்னோடு பேசுவதில்லை. எனக்கு நோய்னு இப்போ எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே பெரியம்மா என்று ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான். அறைக்குள் இருக்கிறாள். வாசலில் டம்ளர் பாலை வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். பால் அப்படியே ஆடை கட்டிக் கிடக்கிறது.

போன மாதம் நீ சொன்னாய், நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு பெரியவர் மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை என்று. வேலை நேரம் முடிந்த பிறகும் ஸ்பூனை வைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாயாம். நாலாவது நாள் ஒரு வாய் வாங்கிக்கொண்டார், எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா என்றாய். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? இங்கேயும் ஒருத்தி வாயைத் திறக்காமல் இருக்கிறாள், தங்கச்சி. தாளில் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து அனுப்பு. பிறகு லீவு கேள், கொடுக்காவிட்டாலும் கிளம்பு. வந்ததும் அவள் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. சும்மா பக்கத்தில் உட்கார்.

நீ நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் மேல் இன்னும் கோபமாக இருக்கும்,
அக்கா