முகம் பார்க்காமல் இரண்டு

2025 மே 12

சுபா இன்று பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பித்தாள். எட்டு வயது. வில்லியம்ஸ் சிண்ட்ரோம், மரபணுவில் ஒரு துண்டு இல்லையாம்; புத்தி மெதுவாகத்தான் வளருமாம். வாய் மட்டும் வக்கீல் மாதிரி. அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. "எம் பேத்திக்கு இன்னா கொறச்சல்? மேத்ஸ் படிச்ச மருமவ சொல்லிக் குடுக்கறா" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.

மே 19

இவர் தறிக்கு நூல் சுற்றி வைத்திருக்கும் தார்க்குழல்களில் எண்ணப் பழக்குகிறேன். ஐந்து கேட்டால் ஒவ்வொன்றாக வைத்து ஐந்தில் நிற்கிறாள். ஏழு, ஒன்பது - எல்லாம் சரி. ஜூனில் பள்ளியில் எண்ணிக் காட்டிவிட்டால் போதும். மறுபடியும் ஒன்றாம் வகுப்பு வேண்டாம்.

ஜூன் 4

பள்ளியில் பத்துப் புளியங்கொட்டை எண்ண வேண்டும். என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். கிண்ணத்தையே கவிழ்த்துவிட்டுச் சிரித்தாளாம். "வேற ஸ்கூல் பாத்துக்குங்க மேடம்."

மேடமாம்.

ஜூன் 11

வேலூர். கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் கண்டக்டரின் குடும்பக் கதை முழுக்கக் கேட்டுவிட்டாள். சிறப்பாசிரியை மதிவதனி என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார். "சுபா, அம்மாக்கு மூணு கட்டை குடு." மூன்று, நான்கு, எட்டு... நிறுத்தவே இல்லை. "இப்ப திரும்புங்க." மறுபடி கேட்டார். மூன்றில் நின்றாள்.

"அவ எண்ணலீங்க. உங்க மூஞ்சியப் பாக்கறா. சரியா வந்ததும் நீங்க மூச்சு விடறீங்க."

ஒரு வருஷம். ஒரு வருஷமா எம் மூஞ்சியத்தான் படிச்சிகினு இருந்தாளா? நான்லாம் கணக்குப் படிச்சவ!

வாய்ப்பாட்டை நிறுத்தி, ஒன்று இரண்டிலிருந்து தொடங்க வேண்டுமாம்.

ஜூன் 12

"பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிகினு இருந்த கொழந்தைய ஒன்னு ரெண்டுல உக்கார வெச்சிட்டியே, பெரிய படிப்புக்காரி." அத்தைதான். வேறு யார்.

ஜூலை 20

அரசுப் பள்ளியில் சேர்த்தாயிற்று. வீட்டில் சுவரைப் பார்த்தே உட்காருகிறேன். இரண்டு கேட்டால் ஒரு பிடி அள்ளித் தருகிறாள். "அம்மா, கோவமா?" என்று மட்டும் தவறாமல் கேட்கிறாள். சுண்ணாம்பு உதிர்ந்த இடமெல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஆகஸ்ட் 8

ஒரு பிடி.

செப்டம்பர் 14

இவர் தறியில் இருந்தார். பாவு நூலிலிருந்து கண்ணை எடுக்காமல், "சுபா, ரெண்டு தார் எத்துகினு வாம்மா" என்றார். நான் அடுப்படியில். குரல் கொடுக்கவில்லை.

தார்க் கூடைக்கு முன்னால் நின்று அவரைப் பார்த்தாள். அவர் முகம் நூலில் இருந்தது. ஒன்று எடுத்தாள். இன்னொன்று. கை மறுபடி கூடைக்குள் போனது - வெறுமனே வெளியே வந்தது.

அவர் வாங்கி, ஒன்றைப் பாவுக்குள் ஓடும் நாடாவில் போட்டுக்கொண்டு நெய்தார். எதையும் கவனிக்கவில்லை.

அத்தையிடம் ஓடிப் போய்ச் சொன்னேன்.

"ரெண்டுதான?" என்றார்.

ஆமாம் அத்தை. ரெண்டுதான்.