மேல்வீட்டு மிதிகள்

ஜூன் 4

மதிப்பிற்குரிய மேல்வீட்டாருக்கு,

வணக்கம். இக்கடிதத்தில் வரும் செய்திகள்:

1. நான் யார்.
2. சத்தம் எத்தகையது.
3. அதன் காரணம் குறித்து என் ஊகம்.
4. வேண்டுகோள்.

முதலாவது: உங்களுக்கு நேர் கீழே தனியாகக் குடியிருப்பவன். வானிலை நிலையத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் மழையளவைக் குறித்துவந்து ஓய்வு பெற்றவன். எதையும் குறித்துவைக்கும் பழக்கம் இன்னும் விடவில்லை.

இரண்டாவது: தரையை ஓங்கி மிதிக்கும் சத்தம். பதினேழு நாள் குறித்தேன்; நாளொன்றுக்குச் சராசரி இருபத்திரண்டு முறை. சில வேளை இரண்டு மிதி, சில வேளை மூன்று. என் தேநீரில் வட்டம் வட்டமாக அலை எழுகிறது.

மூன்றாவது: பேச்சுக்குரலே கேட்பதில்லை. ஆகவே கணவனும் மனைவியும் முகம் பார்க்காமல் தரையிடம் கோபத்தைக் காட்டுகிறீர்கள் என்று எண்ணுகிறேன். தவறாயின் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது: தயவுசெய்து மிதிப்பதை நிறுத்துங்கள்.

நேரில் சொல்லவே மூன்று முறை வந்து மணியை அழுத்தினேன். கதவு திறக்கவில்லை. சரியாக அழுத்தினேனா என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு. முறைப்படி ஒரு நகலைக் குடியிருப்புச் செயலாளரிடமும் கொடுத்திருக்கிறேன்.

பணிவுடன்,
கீழ்வீட்டுக்காரன்

ஜூன் 7

ஐயா,

வணக்கம். மணியைச் சரியாகத்தான் அழுத்தியிருப்பீர்கள். எங்கள் வீட்டில் மணி அடித்தால் ஒரு விளக்கு எரியும். அது பழுதாகிக் கிடக்கிறது. எனக்கும் அவருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது.

நான் முன்னறையில் துணி தைக்கிறேன். அவர் பின்னறையில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறார். தரையை மிதித்தால் அதிர்வு காலில் தெரியும். இரண்டு மிதித்தால் ‘இங்கே வா’. மூன்று மிதித்தால் ‘தேநீர் ஆயிற்று’. அது கீழே இப்படிக் கேட்கும் என்று யாரும் சொன்னதில்லை. பதினோரு ஆண்டில் நான்கு வீடு மாறினோம். எல்லோரும் ‘காலி செய்யுங்கள்’ என்று மட்டும் எழுதிக் காட்டினார்கள். ஏன் என்று விளக்கி எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். ‘இந்த மனிதரிடம் கடிகாரமே தோற்றுவிடும்’ என்கிறார் அவர்.

சண்டை வந்தால் நாங்கள் மிதிப்பதில்லை, ஐயா. நான் கண்ணை மூடிக்கொள்வேன். கையால் அவர் பேசும் பேச்சு அத்தோடு முடிந்தது!

ஒரே ஒரு வருத்தம். உங்கள் நகலைக் காட்டி, மாத இறுதிக்குள் காலி செய்யச் சொல்கிறார் செயலாளர். ஞாயிறன்று கூட்டமாம். இந்த வீட்டுத் தரை நல்ல தரை. விட மனமில்லை.

அன்புடன்,
மேல்வீட்டுத் தையல்காரி

ஜூன் 10, ஞாயிறு

அன்புள்ள அம்மா,

கூட்டத்தில் நீங்கள் இருவரும் பின்வரிசையில் இருந்தீர்கள். என்ன பேசினோம் என்று தெரிந்திருக்காது. பேசியபடியே எழுதுகிறேன்.

செயலாளர் என் தாளைத் தூக்கிக் காட்டினார். “பதினேழு நாள் கணக்கு! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

நான் எழுந்தேன். கூட்டத்தில் நான் பேசுவது இதுவே முதல் தடவை. முன் நாற்காலியை இறுகப் பிடித்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். “கணக்கு சரிதாங்க. நான் எழுதின காரணம்தான் தப்பு. அவங்க சண்டை போடல, கூப்பிட்டுக்கறாங்க.”

“என்ன சார், நீங்களே எழுதிக் கொடுத்துட்டு இப்பப் பல்டி அடிக்கிறீங்க? கூப்பிடறதுக்கு இவ்வளவு சத்தமா?”

“உங்க வீட்டம்மா உங்களைக் கூப்பிடறது ரெண்டு மாடி தாண்டி எனக்குக் கேக்குது. அதையும் குறிச்சு வச்சிருக்கேன். ஒரு நாளைக்கு முப்பத்தொண்ணு தடவை.”

முதலில் சிரித்தவர் அவர் மனைவிதான். “மொதத் தடவையே வந்துட்டா நான் எதுக்குய்யா தொண்டை கிழியக் கத்தறேன்?” என்றார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். காரணம் தெரியாமலே நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். செயலாளர் தாளை மடித்து என்னிடமே தந்துவிட்டார். நீங்கள் இங்கேயே இருக்கலாம்.

கேட்காமல் நகல் கொடுத்ததற்கு மன்னியுங்கள். என் குறிப்பேட்டை மறுபடி புரட்டினேன். உங்கள் வீட்டில் ஓர் அழைப்புக்கு மறு அழைப்பு தேவைப்பட்டதே இல்லை. இத்தனை வயதில் இப்படி ஒரு வீட்டைக் கண்டதில்லை.

கீழ்வீட்டுக்காரன்

ஜூன் 13

ஐயா,

ஒரு கூட்டத்தில் பேசியது முழுவதும் எனக்குத் தெரிந்தது இதுவே முதல் முறை. அந்தக் கடிதத்தைத் துணிப்பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எங்கள் கைமொழியில் உங்களுக்குப் பெயர் வைத்துவிட்டோம்: மூக்குக்கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளுவது. அன்று பேசும்போது ஒன்பது தடவை தள்ளினீர்கள். நானும் எண்ணினேன்!

உங்கள் வேண்டுகோளை மறக்கவில்லை. மீந்த துணிகளை நான்கு மடிப்பாகத் தைத்து வீடு முழுக்க விரித்துவிட்டேன். இனி சத்தம் வராது. அவரைக் கூப்பிட நானே எழுந்து போகிறேன். நடந்தால் உடம்புக்கு நல்லதுதானே.

உங்கள் தையல்காரி

ஜூன் 22

அன்புள்ள மகளுக்கு,

ஒன்பது நாளாக என் குறிப்பேட்டில் பூஜ்ஜியம். மழை பெய்யாத நாளிலும் மழைமானியைத் திறந்து பார்த்துப் பூஜ்ஜியம் எழுதுவது எங்கள் வழக்கம். இப்போது கூரையைப் பார்த்து எழுதுகிறேன்.

இதுவரை மாலை நான்கு மணிக்கு மூன்று மிதி கேட்டதும் நானும் தேநீர் போட்டு வந்திருக்கிறேன். இது எனக்கே தெரியாமல் நடந்திருக்கிறது. இந்த ஒன்பது நாளில் ஐந்து நாள் தேநீரை மறந்துவிட்டேன்.

நீங்களோ ஒவ்வொரு தடவையும் தையலை விட்டு எழுந்து போகிறீர்கள். இருந்த இடத்திலிருந்தே ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ள இருவரும் கண்டுபிடித்த அழகான முறையை நான் ஒரே வரியில் கெடுத்தேன்.

விரிப்புகளைச் சுருட்டி வைத்துவிடுங்கள், அம்மா. என் முதல் கடிதத்தின் மூன்றாவது குறிப்பு தவறு என்பதைக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன். நான்காவதும் தவறு.

அன்புடன்,
கண்ணாடியைத் தள்ளுகிறவன்